ஐந்தாவது வாளி

கன்னியாவில் நாலாவது கிணறு மட்டும் ஒன்றுமில்லை.
ஐந்தாவதில் அள்ளித் தலையில் ஊற்றினேன்,
இடது கண்ணுக்குள் பால் தெளித்த மாதிரி.
எதிரே தவநிதியின் சிவப்புத் துவாய்
நூறு தரம் தோய்த்த துணியாய் வெளிறிற்று.
வலது கண்ணால் பார்த்தேன்: அதே சிவப்பு.
இடது: செங்கல் தூள்.
வலது. இடது. வலது.
"ஆருக்கடி கண்ணடிக்கிறாய்?" என்றாள்.

தலை காய்வதற்குள் சிவப்புத் திரும்பிவிட்டது.
ஆகவே ஒருவரிடமும் சொல்லவில்லை.

மின்சார சபைக்கு மீற்றர் வாசிக்கிறவள் நான்.
உவர்மலை ஏற்றம், பாலையூற்று ஒழுங்கைகள்.
சித்திரை வெயிலில் வலது கால் செருப்பை மறந்துவிடும்.
பில் எழுதக் கழுத்தைக் குனிந்தால்
பிடரியிலிருந்து நாரி வரை மின்னல் ஒன்று இறங்கும்.
நாய்ப் பயம் என்று நினைத்தேன்.

கண்டிக்குப் போய் எடுத்த படத்தை
டொக்டர் நஸ்லியா வெளிச்சத்தில் பிடித்தார்.
சாம்பல் மூளையில் வெள்ளைப் பொட்டுகள்,
கோதுமை மா சிந்தியதுபோல.
"நரம்பைச் சுத்திக் கொழுப்புறை ஒண்டு இருக்கு.
உங்கட காவல் அணுக்களே அத அரிக்குது."
வயர் உறை மாதிரியோ?
"ஓம். ஆனா வயர் தன்ர உறையத் தின்னாதே."
அது ஏன் தின்னுது?
"முழுசாத் தெரியா. பரம்பரை கொஞ்சம். பழைய வைரஸ் ஒண்டு.
வெயில் படாம விட்டமின் டி குறைஞ்சாலும் எண்டு சொல்றாங்க."
சிரித்துவிட்டேன்.
பதினொரு வருஷம் வெயில் தின்றவள் நான்.
அவரும் சிரித்தார், பிறகு நிறுத்தினார்.

பிறந்த தெருவிலேயே
அடையாள அட்டை காட்டி நடந்திருக்கிறேன்.
அது புதிதில்லை.
கேட்கிறவளும் நானாக இருப்பதுதான்.

மூன்று நாள் ஸ்டீரொய்ட் சேலைன்.
நாக்கில் பழைய இருபத்தைந்து சதக் குற்றி.
இரவு முழுக்க முழித்திருந்து
வார்ட்டின் காற்றாடி யூனிட்டுகளைக் கணக்கிட்டேன்.
இனி மாதத்துக்கொரு ஊசி:
போனதைத் தராதாம்,
போகப்போவதைப் பிடித்து வைக்குமாம்.
"சூடு ஏறினா உறை போன இடத்தில செய்தி நிக்கும்.
குளிர்ந்தா ஓடும். பயப்படாதீங்க."
எனக்கு முதலில் சொன்னது கிணறுதான், டொக்டர்.

இப்போது ஐந்தரைக்கே இறங்கிவிடுகிறேன்,
கழுத்தில் ஈரத் துவாய்.
கடற்கரை வீதியில் மான்கள் இன்னும் எழும்பவில்லை.
முதல் வீட்டுப் படலையில்
பையிலிருந்து சிவப்பு பில் ஒன்றை எடுத்து
ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பேன்.
கட்டாவிட்டால் துண்டிக்கப்படும் என்கிற அதே பில்.
இன்றைக்கு இடது கண்ணில்
நேற்றைய சம்பலின் நிறம்.

மோசமில்லை.
உள்ளே நாய் குலைக்கிறது.
மணியை அடிக்கிறேன்.