எந்தப் பத்து

ஓமந்தையில் எல்லாரும் மணிக்கூட்டை
அரை மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள்.
ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் தேடியதில்
நான் மறந்துபோனேன்.

கொட்டாஞ்சேனை லொட்ஜ்.
இருட்டோடு கதவு தட்டல்.
அடையாள அட்டை, பொலிஸ் பதிவு,
வந்த காரணம்: கண் ஒப்பரேஷன்.
எல்லாம் சரி என்றான்.

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து
ரோச் வெளிச்சத்தில் திருப்பினான்.
"அம்மே, இது அங்கத்தைய நேரம்."
சிரித்தானா, தெரியவில்லை.
கண்ணில் புகார்.

திருகை இழுத்து
அவனே முள்ளை நகர்த்தினான்,
ஐந்திலிருந்து ஐந்தரைக்கு,
பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டுகிற பக்குவத்தில்.
அதுதான் பயமாக இருந்தது.

பூட்ஸ் சத்தம் அடுத்த அறைக்குப் போனது.
யாரோ பதிவில்லையாம்.

இன்றைக்குப் பத்து மணிக்குக் கத்தி வைப்பார்கள்.
அந்த நேரம் விளக்கேற்று என்று
புதுக்குடியிருப்பில் மகளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எந்தப் பத்து என்று
சொல்லவில்லை.