புதன்: கால்

பகாவ் கடைவரிசையில்
மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடி.
படியேறி வந்தாலே பாதிப் பயிற்சி முடிந்தது என்பாள்
ஜிம் நடத்தும் ரொசித்தா அக்கா.
சுவரில் என் பெயருக்கு நேரே
அவள் கையால் கிழித்த கட்டங்கள்:
திங்கள் ஓட்டம். புதன் கால். வெள்ளி முதுகு.
போன மாதம் நான்கில்தான் மை.

மற்றவை எங்கே போயின?
ஒன்றைக் குளுவாங் செம்பனை ஆலையின் கொதிகலன் தின்றது.
அழுத்தமானி பொய் சொல்கிறதென்று
ராத்திரி பத்துக்கு அழைத்தார்கள்.
பொய்யைப் பிடிக்க விடிந்துவிட்டது.
ஒன்று, யுகேந்திரனுக்குப் பெண் பார்க்க, கூலிம்.
ஒன்று, ஹஸ்லினா வீட்டு நோன்புப் பெருநாள்.
கோழி ரெண்டாங்கில் இரண்டு துண்டு என்று போனவள்
எண்ணுவதை எங்கே விட்டேனோ.
இன்னொன்று எதற்கென்றே நினைவில்லை.
மழையாக இருக்கலாம்.
நானாகவும் இருக்கலாம்.

காரின் பின்பெட்டியில்
இழுத்துப் பழக ஒரு ரப்பர் பட்டை,
ஓடுகிற சப்பாத்து,
இஸ்திரி போட்ட சேலை இரண்டு,
மொய் உறை ஒரு கட்டு.
சப்பாத்தின் வாசம் சேலைக்கு ஏறிவிட்டது.
சந்தனம் தடவியும் போகவில்லை.

குவாந்தான் விடுதியில்
படிக்கட்டிலேயே ஓடினேன், ஒன்பது மாடி.
ஐந்தாவதில் காவலாளி பதறிக் கேட்டார்:
எங்கே தீ?

தயாளினியும் நானும் ஒரே நாளில் சேர்ந்தோம்.
அவள் கட்டங்கள் எல்லாம் கறுப்பு.
எல்லாக் கல்யாணத்துக்கும் போகணும்னு
யாருடி சொன்னா? என்பாள், எடைத்தட்டைக் கழற்றியபடி.
யாரும் சொல்லவில்லைதான்.
ஆனால் அப்பா போன அன்று
செம்பனைக்குள்ளே எட்டுக் கட்டை செம்மண் பாதையில்
சேறு தெறிக்க நாற்பது கார் வந்ததே, தயா,
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

சென்ற ஞாயிறு
லோரி ஓட்டும் சங்கரலிங்கத்தின் மகளுக்குக் கல்யாணம்.
டேவானின் இரண்டாம் மாடி. மின்தூக்கி கெட்டுக் கிடந்தது.
சோறு கீழே, வேனில்.
மேலே முந்நூறு பேர், இலை போட்டாயிற்று.
சமையல்காரர் இடுப்பைப் பிடித்து நின்றார்.
பையன்கள் புகைக்கப் போனவர்கள் திரும்பவில்லை.
முந்தானையை இழுத்துச் செருகினேன்.

முதுகை வளைக்காதே. குதிகாலில் நில்.
மூச்சைப் பூட்டு.
ரொசித்தா காதுக்குள் அதட்டினாள்.
பானை எழுந்தது.
மூடியோரம் கசிந்த ஆவி முழங்கையைச் சுட்டது.
முதல் திருப்பத்தில்
கைப்பிடிச் சுவரில் இடித்து
கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கியது.
பொம்பளப் புள்ளைக்கு ஏம்மா இந்த வேல
என்று இரண்டாம் பானைக்குச் சலித்துக்கொண்ட அத்தை
மூன்றாவதுக்குக்
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் நானும் பந்தியில் உட்கார்ந்தேன்.
கட்டுப்பாடாவது ஒன்றாவது.
பாயசம் இரண்டு தரம்.

மறுநாள் ரொசித்தாவிடம் சொன்னேன்.
பேனா முனையைக் கடித்தாள். எத்தனை கிலோ?
தெரியாதே அக்கா. அரிசி எட்டு கிலோ,
அது குடித்த தண்ணீர், அலுமினியம்.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
போன வாரத்துப் புதன் காலியாக இருந்தது.
அதில் எழுதினாள்:
நாசி, மூன்று.
பாயசத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இன்று விடியலில் தோட்டத்துப் பாதை.
மட்டை வெட்டும் சத்தம் இன்னும் தொடங்கவில்லை.
ஒரு கிலோமீட்டர் ஆவதற்குள் கைப்பேசி அதிர்ந்தது.
சிகாமாட்டில் காதணி விழா. புதன் மாலை.
வருகிறேன் என்று தட்டிய கட்டைவிரல்
கால்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாலத்தருகே எதுவோ சுருக்கென்றது.
நின்று, சப்பாத்தைக் கழற்றி உதறினேன்.
பச்சைக் கண்ணாடி, நகக்கண் அளவு.
சேலை மடிப்பிலிருந்து விழுந்திருக்கும்.
குதிகாலில் ஒரு பொட்டு ரத்தம்.
துடைத்துவிட்டு
எத்தனை நிமிடம் போயிற்றென்று பார்த்தேன்.