மரச்செருப்பில் விழும் காசு

என்க்ஹௌசனில் பாலம் தூக்குகிறவள் பெயர் தியூவெர்ச்சே.
படகு நெருங்கினால்
தூண்டில் கழியில் ஒரு மரச்செருப்பைக் கட்டி
படகுக்காரன் மூக்குக்கு நேரே இறக்குவாள்.
காசு விழுந்த பிறகுதான் அடுத்த பேச்சு.
இன்று விழுந்தது இரண்டு யூரோவும் ஒரு சட்டைப் பொத்தானும்.
பொத்தானையும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கடல் எங்கே என்று கேட்கிறார்கள் பயணிகள்.
கையை நீட்டுகிறாள்: இதோ.
ஒருவன் குனிந்து அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்கிறான்.
உப்பில்லை.
வடக்கே அணை கட்டி முடித்த வருடம்
கடலை வெளியே நிறுத்தித் தாழ்ப்பாள் போட்டாயிற்று;
நெத்திலி அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.
வரைபடத்தில் இது ஏரி.
ஊர் மட்டும் இன்னும் கடல் என்றே கூப்பிடுகிறது,
விவாகரத்து வாங்கிப் போனவளை
மருமகள் என்றே கூப்பிடுவதுபோல.

துறைச்சுவரின் கல்விளிம்பில் கயிறு அறுத்த பள்ளம்.
என் சுண்டுவிரல் அதில் முழுதாய்ப் படுத்துக்கொண்டது.
கல்லைக் கயிறு அறுக்குமா?
அறுக்கும், முந்நூறு வருடம் கொடுத்தால்.

பழைய கிடங்கில் இப்போது குடித்தனங்கள்.
மூன்றாம் மாடி வீபே
குளியலறைக் குழாய் மாற்றப் பலகையைப் பெயர்த்தபோது
இடுக்கில் ஏழு மிளகு.
ஒன்றைக் கடித்துப் பார்த்தானாம். காரம் போய்விட்டது.
ஆனாலும் தும்மினான்.
தூசியாக இருக்கலாம்.

அந்தக் கிடங்கின் கணக்கேட்டை
ஆவணக்கூடத்தில் கையுறை போட்டுப் புரட்டியிருக்கிறாள் தியூவெர்ச்சே.
மிளகுக்கு எடை உண்டு, கால் ராத்தல் பிசகாமல்.
ஜாதிக்காய்க்கும் உண்டு.
விற்கக் கொண்டுபோன மனிதர்களுக்கு எண்ணிக்கை மட்டும்.
"எவ்வளவு அழகான கையெழுத்து" என்றாள்,
அதைத்தான் மன்னிக்க முடியவில்லை என்கிற குரலில்.

கரையோர வீடுகள் தெருப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன.
மேலே இழுக்கும் மூட்டை சுவரில் உரசாதிருக்க
அப்படிக் கட்டினார்களாம்.
சாயங்கால வெயிலில் பார்த்தால்
காது மந்தமானவர்கள்,
கீழே யாரோ சொன்னதை
இன்னொரு தரம் சொல் என்று குனிந்திருக்கிறார்கள்.

கடைசியாய் வந்தது ஒரு சிறுமியின் பாய்ப்படகு,
குளியல் தொட்டி அளவு.
பாலத்துக்கு அடியிலேயே போய்விடலாம்,
பாய்மரம் அவ்வளவு குட்டை.
தியூவெர்ச்சே மணி அடித்தாள்.
தடுப்புக் கட்டையை இறக்கினாள்.
அத்தனை டன் இரும்பும் மெல்ல எழுந்து
வானத்தைப் பார்த்து நின்றது.
செருப்பை இறக்கவே இல்லை.

பின்னால் ரொட்டி வண்டிக்காரன்
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.