ஓரத்தில் பென்சிலால்

கொக்கிரகுளம் படித்துறையில்
அளவுப் பலகைக்கு எதிரே
நனைந்த நாற்காலி, டார்ச், நான்.
மணிக்கொரு தடவை மட்டம் எழுத உத்தரவு.
பன்னிரண்டுக்கு மூன்று மீட்டர் பத்து.
ஒன்றுக்கு மூன்று எழுபது.

மணிக்கு அறுபது சென்டிமீட்டர் என்று
போனில் சொன்ன பிறகுதான் உறுத்தியது.
முதல் அரைமணியில் ஏறியது பத்து,
மிச்சமெல்லாம் அடுத்த அரைமணியில்.
நான் சொன்ன வேகத்தில் ஆறு ஏறியது
நடுவே எங்கோ ஒரு கணம்.
அது கடந்துபோனதை நான் பார்க்கவில்லை.

பாளையங்கோட்டைக் கல்லூரியில்
வகைக்கெழுவில் இரண்டு அரியர் வைத்தவன்.
மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம்,
எதை எதால் வகுக்க என்று
எழுந்து கேட்டதற்கு
கடைசி பெஞ்சுகூடச் சிரித்தது.

நாற்காலியைப் படிப்படியாக மேலே இழுத்துக்கொண்டே
பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்தேன்.
பிறகு ஐந்து.
பிறகு ஒன்று.
இடைவெளி சுருங்கச் சுருங்க
எண்கள் அலைச்சலை விட்டு
ஒரே எண்ணின் வாசலில் போய் நின்றன.
பூச்சியத்துக்குள் யாரும் போகவில்லை.
வாசல்வரை போனாலே
உள்ளே இருப்பது யாரென்று தெரிந்துவிடுகிறது.
நிமிஷத்துக்கு இரண்டேகால்.

கலெக்டர் ஆபீஸ் கேட்டது, எவ்வளவு?
டிவிக்காரர் கேட்டார், எவ்வளவு?
கருப்பந்துறையில் நாலு எருமை வைத்திருக்கிற
முப்பிடாதி மட்டும்
"எவ்வளவோ கெடக்கட்டும் அண்ணாச்சி,
எப்படி ஏறுது?" என்றாள்.
"அவுத்து விட்டுரு."
வைத்துவிட்டாள்.

குறுக்குத்துறை முருகன் எப்போதோ முங்கியாச்சு.
மூன்றரைக்கும் ஏறிக்கொண்டுதான் இருந்தது,
ஆனால் ஏறுகிற ஏற்றம் இறங்கிக்கொண்டிருந்தது.
இதைப் போனில் எப்படிச் சொல்வது?
சொன்னேன். "குடிச்சிருக்கீரா?" என்றார்கள்.

நாலு நாற்பதுக்கு ஐந்து மீட்டர் அறுபது,
அந்த ராத்திரியின் ஆகப்பெரிய எண்.
அதற்கு நேரே, ஓரத்தில்,
பென்சிலால் பூச்சியம் போட்டேன்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

விடிந்து வந்த ஏ.இ.
"என்னவே இது, முட்டை?" என்று
ரப்பர் தேடினார்.
சித்திரையில் மணல் தெரிய ஆறு கிடக்கும்போதும்
இதே முட்டைதான் சார்,
எந்த முட்டை என்று அறிய
இன்னொரு தடவை வகையிட வேண்டும்
என்று வாய்வரை வந்தது.

அதற்குள் போன் அடித்தது.
"மூணு கெடச்சிட்டு அண்ணாச்சி.
நாலாவதத் தேடுதேன்.
எறங்குதா?
எப்படி எறங்குது?"