சுங்கச் சாவடி, மழைநாள்

கோமாவிலிருந்து நடந்து வந்தவளுக்கு
நேற்று இந்த வயிறு இல்லை.
"எத்தனை மாதம்?" என்றேன்.
"ஆறு" என்றாள் ஃபுராஹா, கூசாமல்.
நடக்கும்போது சரசரக்கும் பிள்ளையை
நான் கேள்விப்பட்டதில்லை.

தட்டிக்குப் பின்னால் நிறுத்தி
காயக்கட்டு பிரிப்பதுபோல் பிரித்தேன்.
நீலப் பை, கறுப்புப் பை, மறுபடி நீலம்,
உடல்சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
ருவாண்டாவுக்குள் பாலிதீன் நுழையக் கூடாது,
பிடித்ததை எண்ணி எழுத வேண்டும்.
எச்சில் தொட்டு எண்ணினேன்.
இருநூறு தாண்டி எனக்குத் தப்பியபோது
அவளே எடுத்துக்கொடுத்தாள்:
"இருநூற்றுப் பதினேழு, அக்கா."

முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதற்கடுத்த ஒன்றில்
மடித்த தடுப்பூசி அட்டை.
பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது.
வெளியே கிவூ ஏரியே தெரியாத மழை.
பேரேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டோடு
கோடு போட்டேன்.

சாயங்காலம் காகிதப் பையில் தக்காளி வாங்கிவந்தேன்.
சாவடி வாசலிலேயே
அடி நைந்து கொட்டிவிட்டது.
கிடைத்ததைப் பொறுக்கினேன்.
ஒன்று மட்டும் சரிவில் உருண்டு
தடுப்புக் கட்டைக்கு அடியில் புகுந்து
கோமா பக்கம் போயிற்று.
அந்தப் பக்கத்துச் சிப்பாய் குனிந்து எடுத்தான்,
சட்டையில் துடைத்தான்,
என்னைப் பார்த்துக்கொண்டே
கடித்தான்.