நான்கு மணி ஆராதனை

பேராயர் வருகிறாரென்று
மூன்று வாரமாய்த் துடைத்த கோயிலில்
மின்விசிறி ஒன்று மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை.
ஜூன் மாதம், டில்லி.
காலை எட்டு மணி இந்திக்காரர்களுக்கு.
பத்தரை இங்கிலீசுக்கு.
மலையாளிகள் தங்களுக்கென்று தனியே கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
வெயில் முழுதும் சுவருக்குள் இறங்கிய பிறகு
எங்களுக்கு.

மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள்.
சேகரத்திலேயே எப்சிபா இந்திதான் இந்தி என்று
செயலர் ராஜையா சொல்லிவிட்டார்.
அது சப்தர்ஜங் ஆஸ்பத்திரி வார்டில்
பத்தொன்பது வருஷமாய்ப் பொறுக்கிச் சேர்த்த இந்தி.
எங்கே வலி. புரண்டு படு.
கடைசியாய் எப்போது சாப்பிட்டாய்.
கூட யார் வந்திருக்கிறார்கள்.
கிருபைக்கு அதில் சொல் கிடையாது.

ஃபரிதாபாத், குருகிராம், துவாரகா
முடித்துவிட்டு வந்திருந்தார்.
நாங்கள் அன்றைக்கு நான்காவது.
உப்பைப் பற்றிப் பிரசங்கம்.
கனத்த இந்தி, மூட்டை மூட்டையாய் இறக்கினார்;
நான் தராசில்லாமல் கைநிதானத்தில் அள்ளிக் கொடுத்தேன்.
அவர் வீட்டுச் சமையற்காரர் பருப்புக்கு
இரண்டு தடவை உப்புப் போட்ட கதைக்கு
முன்வரிசைப் பிள்ளைகள் உடனே சிரித்தார்கள்,
இங்கேயே பிறந்ததுகள்.
நான் சொல்லி முடித்ததும்
பின்வரிசை சிரித்தது.
இரண்டு சிரிப்புக்கும் நடுவில்
கடகடவென்று அந்த மின்விசிறி.

திடப்படுத்தலுக்குப் பதினொரு பேர்.
எட்டாவதாக மண்டியிட்ட ஷெரோன் தலையில்
கை சற்று அழுந்தி ஊன்றியது.
ஆசீர்வாதம் கூடுதலாக வந்ததென்று
அவள் நினைத்திருப்பாள்.
நான் அவர் காலைப் பார்த்தேன்.

பிறகு மனு.
ஐந்து வருஷமாய் அதே மனு, தேதியை மட்டும் மாற்றுவோம்.
ஐயா, எங்களுக்கும் ஒரு காலை வேளை.
கண்ணாடி போட்டு வாசித்தார், நாலாக மடித்தார்.
"தேகேங்கே."
"பார்க்கலாம்" என்றேன்.
அன்று முழுக்க நான் சொன்னதில்
ஒரு பருக்கையும் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது
அது ஒன்றுதான்.

டீ கொடுக்கப் போனபோது
வெஸ்ட்ரிக் கதவு ஒருக்களித்திருந்தது.
ஷூவைக் கழற்றிப் போட்டிருந்தார்.
காலுறையின் விளிம்பு
கணுக்காலுக்கு மேலே வாய்க்கால் வெட்டியிருந்தது.
கேட்கத் தோன்றவில்லை எனக்கு. டீயை வைத்துவிட்டுக் குனிந்து
கட்டைவிரலால் அழுத்தினேன்.
விரலை எடுத்த பிறகும் குழி நின்றது.
பன்னிரண்டு எண்ணும்வரை நின்றது.

"கப் ஸே?"
ஈஸ்டரிலிருந்து என்றார்,
வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி.
யாரிடமாவது சொன்னதுண்டா?
இல்லை.
தட்டு நிறையக் காரச்சேவு வைத்திருந்தோம் அவருக்கு.
அதைத் தள்ளி வைத்து
"நமக் கம் கரோ" என்றேன்.
வார்டு இந்தியில் மரியாதைப் பன்மை கிடையாது.

காரச்சேவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
சிரிக்கத் தொடங்கியவர்
சிலுவைச் சங்கிலி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.
ராஜையா தலையை நீட்டி
என்ன சொன்னார், மனு விஷயமா, என்ன சொன்னார் என்றார்.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.
காசியாபாத் இன்னும் பாக்கி.
கயிற்றை முழுக்க உருவித் தளர்த்தி
ஷூவுக்குள் அந்தக் காலுக்கு வழிவிட்டேன்.
நாளைக் காலை எட்டு மணி, ஓ.பி., முதல் மாடி,
எப்சிபா சிஸ்டர் என்று கேட்டால் போதும்.
எழுதிக் கொடுக்க வேறு தாள் இல்லை,
மனுவின் பின்பக்கத்தில்தான் எழுதினேன்.

வாசித்தார்.
பழைய மடிப்பிலேயே மடித்தார்.
"தேகேங்கே."