பழைய துரு

புல்வெட்டும் மிஷினின் கத்தியை
உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு
மூஞ்சிக்கல்லிலிருந்து நடந்தே வந்திருந்தார் குழந்தைவேல்.
"கையில என்னன்னு கண்டக்டர் கேட்டான்.
கத்தின்னு சொன்னது தப்பாப்போச்சுக்கா."

சீசனுக்கு ஒன்பது நாள்.
நாயுடுபுரத்தில், கார் இல்லாத என் கார் ஷெட்டில்
ஏற்கெனவே நான்கு மிஷின்கள்
சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தன.
"கல்லுல பட்டுருச்சு. நிமித்திக் குடுத்தாப் போதும்."
புல்தரைக்கு நடுவில் ஏது கல்?
"ராத்திரி காட்டுமாடு மிதிச்சுக் கிளப்பியிருக்கு.
சம்பளத்துல பிடிப்பேங்குறாரு மேனேஜரு.
மாட்டுக்கிட்டயா பிடிக்க முடியும்."

ஜன்னலிலிருந்து கழற்றிய கண்ணாடி ஒன்று
என் மேசைமேல் எப்போதும் இருக்கும்.
இந்த வீட்டிலேயே மட்டமான பொருள் அதுதான்.
கத்தியை அதன்மேல் வைத்துக்
கண்ணை மேசை விளிம்புக்கு இறக்கினேன்.
ஒரு முனைக்கு அடியில்
பத்து ரூபாய்த் தாள் சிக்கி நின்றது.
மறுமுனைக்கு அடியில்
இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள்
ஒன்றன்மேல் ஒன்றாக, தாராளமாகப் போயின.

அப்போதுதான் மேகம் இறங்கியது.
எதிர்வீட்டுப் பேரிமரம் போனது, கேட் போனது,
கண்ணாடிக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்த
வெளிச்சக் கீற்றும் போனது.
குழந்தைவேல் செல்போன் டார்ச்சைப் பிடித்தார்.
அவர் கை நடுங்க, இடைவெளியும் நடுங்கியது.

சுத்தியலை நான் தொடுவதில்லை.
சீகைமரத் துண்டு இரண்டுக்கு நடுவே
வைஸில் இறுக்கி,
மூன்றடிக் குழாயை மாட்டி
மெதுவாக அழுத்துவேன்.
நேராகும் இடத்தில் நிறுத்தினால்
கைவிட்டதும் பழைய கோணலுக்கே போய்விடும்.
கொஞ்சம் தாண்டி வளைக்க வேண்டும்.
எவ்வளவு தாண்டி என்பது
ஒவ்வொரு கத்திக்கும் வேறு,
முழங்கைக்குத்தான் தெரியும்.
நான்காவது அழுத்தில் தாள்கூட நுழையவில்லை.
"அவ்வளவுதானக்கா" என்று சாக்கை விரித்தார்.

இருங்க என்றேன்.

மண்ணெண்ணெய் தடவி, ஊறவிட்டு,
உலரத் துடைத்து,
மகளின் பையில் எடுத்த சாக்பீஸைப் பொடித்துத் தூவினேன்.
கடுங்காப்பி குடித்தோம்.
டம்ளரைக் கீழே வைப்பதற்குள்
வெள்ளைப் பொடியில், சிறகு மடியும் இடத்தில்,
ஈரமாக ஒரு கோடு எழுந்திருந்தது.
தலைமுடிப் பருமன். விரற்கடை நீளம்.

பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.
"பொடியத் தட்டிட்டா கண்ணுக்குத் தெரியாதுல்லக்கா."

நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று.
பின்னால் நடப்பவர் அவர்தான்.
வலது செருப்பின் வாருக்கு
ஊக்கு குத்தியிருந்தார்.

கத்தியைத் திரும்ப வைஸில் மாட்டிக்
குழாயைச் செருகி, இந்த முறை
எவ்வளவு தாண்டி என்று பார்க்காமல் அழுத்தினேன்.

பட்.

"அய்யோ, எண்ணூறு ரூவாக்கா."

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன்.
ஓரத்தில் ஒரு கீற்று மட்டும்
புதிய சாம்பல் நிறம், பளபளப்பு.
மீதியெல்லாம் காப்பித்தூள் நிறத் துரு.
இந்த ஊர் ஈரத்திலும்
ஒரு வாரத்தில் துரு இவ்வளவு கறுக்காது.
"கல்லு எப்ப பட்டுச்சு?"
"வியாழக்கெழம."
"இது போன மழைக்கே விரிசல் விட்டுருச்சுண்ணே."

ஒன்றும் பேசவில்லை அவர்.
இரண்டு துண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றினார்,
வந்ததைவிடப் பத்திரமாக,
துரு உதிராதபடி முனைகளை மடித்து.

பரணில் ஒரு பழைய கத்தி இருந்தது.
ஓர் அங்குலம் குட்டை.
தரை முழுக்க வெட்ட நாலு நடை கூட நடக்கணும் என்றேன்.
சுவரில் அடித்த ஆணியில்
அதன் நடுத்துளையை மாட்டிக் கையெடுத்தேன்.
இடப்பக்கம் தாழ்ந்தது. அரம்.
வலப்பக்கம் தாழ்ந்தது. அதிகமாக ராவிவிட்டேன்.
திரும்ப அரம், இரும்புத்தூள், அரம்.

மேகம் விலகாமலே இருட்டிவிட்டது.
கத்தி ஆணியில் படுக்கையாக நின்றது.
குழந்தைவேல் ஒரு முனையை விரலால் தொட்டார்.
ஆடி, திரும்ப நின்றது.

பூம்பாறைக்குக் கடைசி பஸ் வரும் நேரம்.
கண்டக்டர் கேட்டால் தகரம் என்று சொல்லச் சொன்னேன்.
கேட் வரை போனவர்
மேகத்துக்குள்ளிருந்து கேட்டார்:
"மேனேஜர்ட்ட எதக்கா மொதல்ல காட்டணும்,
துருவையா, பளபளப்பையா?"